வாசகர் கேள்வி – பதில்: போலீஸ் விசாரணைக் கோப்பும் மரண தண்டனையும்

மலேசியாவில் மரண தண்டனை விதிக்கக்கூடிய வழக்குகளில் போலீஸ் விசாரணை குறைபட்டிருந்தால் அதை யார், எப்போது, எங்கே கேட்பது என்பதைப் பற்றிய கடிதங்களை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டுள்ளேன். எழுதியவர்களில் சிலருடைய உறவினர்கள் இன்னும் காவலில் இருப்பதால் பெயர்களை விடுத்து ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: கட்டாய மரண தண்டனையை 2023-ஆம் ஆண்டிலேயே நீக்கிவிட்டார்கள். இனி நிரபராதி ஒருவர் தவறான தீர்ப்பால் உயிரிழக்க வழியில்லை என்று என் நண்பர் சாதிக்கிறார். அது சரியா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: உங்கள் நண்பர் நல்ல செய்தியைச் சரியாகவே அறிந்திருக்கிறார். ஆனால் அவர் எடுத்த முடிவு சரியன்று.

2023 ஏப்ரலில் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. முதலாவதான 846-ஆவது சட்டம் அவ்வாண்டு ஜூலை 4-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. கொலை, போதைப்பொருள் கடத்தல் போன்ற குற்றங்களில் தூக்கைத் தவிர வேறு தண்டனை விதிக்கப் பெரும்பாலும் வழியில்லாமல் இருந்த நீதிபதிகளுக்கு, நீண்டகாலச் சிறையையும் பிரம்படியையும் மாற்றாக விதிக்கும் அதிகாரம் அதனால் கிடைத்தது. கொலைக் குற்றத்திற்கு அந்த மாற்றுத் தண்டனை 30 முதல் 40 ஆண்டு வரையிலான சிறையாகும். இரண்டாவதான 847-ஆவது சட்டம் அதே ஆண்டு செப்டம்பரில் நடப்புக்கு வந்தது. எல்லா மேல்முறையீடுகளும் முடிந்து தூக்கை எதிர்நோக்கிக் காத்திருந்தவர்கள் தங்கள் தண்டனையை மறுபடி பார்க்கும்படி, நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தை அணுக அது வழிசெய்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் அதற்குத் தகுதி பெற்றார்கள். பல நூறு குடும்பங்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கின.

ஆனால் 847-ஆவது சட்டத்தின் கீழ் கூட்டரசு நீதிமன்றம் கேட்டது ஒரே கேள்விதான்: இந்தக் குற்றவாளிக்கு எந்தத் தண்டனை தகும்? இவர்தான் குற்றம் செய்தாரா, இவருக்கு எதிரான சாட்சியம் ஒழுங்காகத் திரட்டப்பட்டதா என்ற கேள்விகளை அங்கே எழுப்ப முடியாது. விசாரணையில் நேர்ந்த பிழையால் தண்டிக்கப்பட்ட ஒருவர் அந்த ஆயிரம் பேரில் இருந்திருந்தால், அவர் தூக்கிலிருந்து தப்பி, செய்யாத குற்றத்துக்காக 30 ஆண்டு சிறையில் இருக்கப்போகிறார். மேலும், மரண தண்டனை நம் சட்டப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. 2018-ஆம் ஆண்டு முதல் யாரையும் தூக்கிலிடாமல் நிறுத்தி வைத்திருப்பது அரசாங்கத்தின் முடிவு. அந்த முடிவை வேறோர் அரசாங்கம் மாற்றிக்கொள்ள முடியும்.

கேள்வி: ஐயா, என் மகனைப் போதைப்பொருள் வழக்கில் வட மாநிலம் ஒன்றில் கைது செய்தார்கள். பை தன்னுடையது இல்லை, கூட வேலை செய்தவன் கொடுத்து வைத்தது என்று முதல் நாளே சொன்னதோடு, அவனுடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்ததாக என் மகன் சொல்கிறான். விசாரணை அதிகாரி அந்த எண்ணை அழைத்துப் பார்த்ததாகவே தெரியவில்லை. வழக்கு இன்னும் உயர் நீதிமன்றத்தில் தொடங்கவில்லை. நாங்கள் என்ன செய்வது?
– ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: அம்மா, இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் உங்களுடையதுதான் அவசரமானது. வழக்கு தொடங்கும் முன்பே நீங்கள் கேட்டிருப்பது நல்லது. விரிவாகவே பதில் சொல்கிறேன். இதை உங்கள் மகனின் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

உங்கள் மகன் சொன்னதைப் போன்ற ஒரு சூழ்நிலையைக் கூட்டரசு நீதிமன்றம் ஏற்கனவே ஆராய்ந்திருக்கிறது. 1996-ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் வெளிவந்த அல்காந்தரா வழக்கு அது. அதில் குற்றம் சாட்டப்பட்டவர், போலீஸிடம் கொடுத்த எச்சரிக்கை வாக்குமூலத்திலேயே (சொல்வது சாட்சியமாகலாம் என்று எச்சரித்த பிறகு பதிவு செய்வது) வேறொரு மனிதரைப் பற்றிய விவரத்தைச் சொல்லியிருந்தார். அந்த மனிதர் உண்மையில் இருக்கிறார் என்பதை அவர் நிரூபிக்கவில்லை என்பது அவருக்கு எதிராகக் கொள்ளப்பட்டது. அப்படிக் கொண்டது தவறு என்று கூட்டரசு நீதிமன்றம் கூறியது. தற்காப்பு வாதத்தின் சாரம் வழக்கு தொடங்கும் முன்பே அரசுத் தரப்புக்குத் தெரிந்துவிட்டால், அது உண்மையா பொய்யா என்று தேடிப் பார்க்கும் கடமை அரசுத் தரப்பையே சேரும். நம் நாட்டு வழக்கறிஞர்கள் இன்றும் "அல்காந்தரா நோட்டீஸ்" என்று சொல்வது இதைத்தான்.

இந்தப் பாதுகாப்பு கிடைக்க வேண்டுமானால் சொன்னது பதிவாகியிருக்க வேண்டும். விவரமாகவும் இருக்க வேண்டும். "யாரோ ஒருவர் கொடுத்தார்" என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் நீதிமன்றம் அதைப் பொருட்படுத்தாது. பெயர், தொலைபேசி எண், வேலை செய்த இடம், பை கைமாறிய நாளும் நேரமும், அப்போது உடனிருந்தவர்கள் என்று போலீஸார் தேடிப் போகக்கூடிய அளவுக்குச் செய்தி இருக்க வேண்டும். எனவே உங்கள் வழக்கறிஞர் இந்த விவரம் முழுவதையும் ஒரு கடிதமாக எழுதி, விசாரணை அதிகாரிக்கும் அரசுத் துணை வழக்கறிஞருக்கும் இப்போதே அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வைக்கட்டும். பின்னாளில் அந்த அதிகாரி சாட்சிக் கூண்டில் நிற்கும்போது, கடிதம் கிடைத்ததா, அந்த எண்ணை அழைத்தீர்களா, அந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்று தொலைபேசி நிறுவனத்தைக் கேட்டீர்களா, அந்த மனிதரின் வீட்டுக்குப் போனீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்க அந்தக் கடிதமே அடிப்படையாக அமையும். தற்காப்பு வாதத்தை முதல் முறையாக இறுதிக் கட்டத்தில் சொன்னால், பிறகு யோசித்துக் கட்டிய கதை என்று அரசுத் தரப்பு எளிதாகத் தள்ளிவிடும்.

அடுத்தது, அழிந்துபோகும் சாட்சியம். கடைகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் உள்ள கண்காணிப்புக் கேமராக்கள் சில வாரங்களிலேயே பழைய பதிவின் மீது புதியதைப் பதிந்துவிடுகின்றன. கைத்தொலைபேசி உரையாடல்களும் அழிந்துபோகலாம். போலீஸார் எடுப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். அந்தப் பதிவை வைத்திருக்கும் நிர்வாகத்துக்கு, அதை அழிக்காமல் பாதுகாத்து வைக்கும்படி வழக்கறிஞர் எழுத்து மூலம் கேட்கட்டும். உங்கள் மகனுக்கும் அந்த நண்பருக்கும் இடையே வந்த செய்திகள் உறவினர் யாருடைய கைத்தொலைபேசியிலாவது இருந்தால் அதை மாற்றாமல், விற்காமல், பழுதுபார்க்கக் கொடுக்காமல் அப்படியே வைத்திருங்கள்.

இப்படிக் காத்து வைக்கும் செய்திகளின் மதிப்பு என்னவென்று ஒரு வழக்கு நமக்குக் காட்டியிருக்கிறது. 2014 டிசம்பரில் கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்தில் ஓர் ஆஸ்திரேலியப் பெண் ஒரு கிலோவுக்கும் மேற்பட்ட சியாபு என்னும் மெத்தம்பெட்டமின் போதைப்பொருளோடு பிடிபட்டார். இணையத்தில் காதலிப்பதாகச் சொல்லி ஏமாற்றியவர்களின் வலையில் தாம் விழுந்ததாகவும், பைக்குள் இருந்தது தமக்குத் தெரியாது என்றும் அவர் வாதிட்டார். 2017-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. 2019 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் மறுபடி விடுவித்தது. தமக்குத் தெரியாது என்ற வெறும் வார்த்தையோடு அவர் நின்றிருந்தால் முடிவு என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவதாக, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51A பிரிவு. வழக்கு தொடங்கும் முன், முதல் தகவல் அறிக்கையின் நகலையும், அரசுத் தரப்பு பயன்படுத்தப்போகும் ஆவணங்களையும், குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான உண்மைகளை எழுதிக் கையொப்பமிட்ட ஓர் அறிக்கையையும் எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கடைசியாகச் சொன்ன அந்த அறிக்கையைக் கண்டிப்பாகக் கேட்டுப் பெறச் சொல்லுங்கள். மகன் கொடுத்த பெயரையும் எண்ணையும் பற்றி அதில் ஒரு வரியும் இல்லையென்றால், ஏன் இல்லை என்று எழுத்து மூலம் கேட்க வேண்டும். சம்பவ நேரத்தில் மகன் வேறு இடத்தில் இருந்தார் என்ற வாதமும் உண்டானால், அதைத் தனியாக, முன்கூட்டியே எழுத்து மூலம் அறிவித்தாக வேண்டும். 402A பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்று கடிதத்தின் பின்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். மரண தண்டனைக்குரிய வழக்கில் நீதிமன்றமே வழக்கறிஞரை நியமிக்கும். அப்படி நியமிக்கப்பட்டவரை வழக்கு நாளன்று முதல் முறையாகச் சந்திக்கும் நிலைக்கு விட்டுவிடாதீர்கள். நியமனம் தெரிந்த வாரத்திலேயே நேரில் போய் மேலே சொன்ன விவரங்களை எழுதிக் கொடுங்கள். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் இருக்கின்றன. அங்கேயும் வழி கேட்கலாம்.

கேள்வி: போதைப்பொருள் பொட்டலத்தில் கைரேகையே எடுக்கவில்லை என்று ஒரு வழக்கில் விசாரணை அதிகாரி ஒப்புக்கொண்டார். அப்படியும் தண்டனை கிடைத்தது. இது எப்படி முடியும்?
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: கைரேகை எடுக்காதது அரசுத் தரப்பின் வழக்கைக் கெடுக்காது என்று நம் நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. பொருள் ஒருவருடைய கையிலோ பையிலோ நேரடியாகப் பிடிபட்டிருந்தால், கைரேகை தேவையில்லை என்பது அவர்களுடைய வாதம். சட்ட நிலை அதுதான். ஆனால், ஓர் உயிர் போகக்கூடிய வழக்கில், எளிதாகச் செய்யக்கூடிய ஒரு சோதனையைச் செய்யாமல் விட்டதன் சுமையைக் குற்றம் சாட்டப்பட்டவர் ஏற்பது நியாயம் என்று என்னால் ஒப்ப முடியவில்லை. பொட்டலத்தில் வேறொருவரின் ரேகை இருந்திருக்குமானால் அது அவருக்கு உதவியிருக்கும். எடுக்காததால் அந்த வாய்ப்பு ஒரேயடியாகப் போய்விட்டது.

கைரேகையைக் காட்டிலும் நீதிமன்றம் கவனமாகப் பார்ப்பது பொருள் கைமாறிய வரிசையை. பறிமுதல் செய்த இடத்தில் அடையாளம் இட்டது யார், சோதனைப் பட்டியலில் எழுதியது என்ன, எந்தப் பெட்டியில் பூட்டி வைத்தார்கள், இரசாயனத் துறைக்குக் கொண்டு போனது யார், அங்கே எடை எவ்வளவு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆவணம் இருக்க வேண்டும். போலீஸ் நிலையத்தில் எடுத்த எடையும் இரசாயன ஆய்வாளர் எடுத்த எடையும் விளக்கமில்லாமல் மாறுபட்டாலோ, அடையாளக் குறி ஒத்துப்போகாவிட்டாலோ, நீதிமன்றத்தில் இருக்கும் பொருள்தான் அன்று பிடிபட்டதா என்ற ஐயம் எழும். அந்த ஐயத்தை அரசுத் தரப்பு தீர்க்காமல் விட்டால் வழக்கு விழும்.

கேள்வி: "நிரூபிக்கும் வரை நிரபராதி" என்பார்கள். போதைப்பொருள் வழக்கில் மட்டும் நாமே நிரபராதி என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறதே, ஏன்?
– ஆசிரியை, பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: 1952-ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தில் உள்ள சில அனுமானங்களே இதற்குக் காரணம். போதைப்பொருள் இருந்த பொருளையோ இடத்தையோ ஒருவர் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது தெரிந்தால், அது அவருடையது என்றும் அது என்னவென்று அவருக்குத் தெரியும் என்றும் 37-ஆவது பிரிவின் ஓர் உட்பிரிவு அனுமானிக்கிறது. அளவு ஹெராயின் 15 கிராமுக்கோ, கஞ்சா 200 கிராமுக்கோ, சியாபு 50 கிராமுக்கோ குறையாமல் இருந்தால், வைத்திருந்தவர் கடத்தல்காரர் என்று இன்னோர் உட்பிரிவு அனுமானிக்கிறது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பயன்படுத்தக் கூடாது என்று கூட்டரசு நீதிமன்றம் 1998-இல் ஒரு தீர்ப்பில் தடுத்தது. 2014-இல் 37A என்ற புதிய பிரிவைச் சேர்த்து நாடாளுமன்றம் அந்தத் தடையை நீக்கியது. அதன் பிறகு ஐந்து ஆண்டுகள், பையைச் சுமந்து வந்தார் என்ற ஒன்றை மட்டும் காட்டிவிட்டு, அறிவு, உடைமை, கடத்தல் எல்லாவற்றையும் அனுமானத்தின் வழியே நிறுவ முடிந்தது.

2019 ஏப்ரலில், அல்மா நூடோ வழக்கில், கூட்டரசு நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 37A பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று ரத்து செய்தது. உயிருரிமையைச் சொல்லும் 5-ஆவது விதியும் சமத்துவத்தைச் சொல்லும் 8-ஆவது விதியும் அந்தத் தீர்ப்புக்கு அடித்தளம். நம் நாட்டு நீதிமன்ற வரலாற்றில் இதை மிக முக்கியமான தீர்ப்புகளில் ஒன்றாக நான் கருதுகிறேன். ஆனால் தனித்தனி அனுமானங்கள் இன்றும் இருக்கின்றன.

இதற்கும் போலீஸ் விசாரணைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அனுமானமே பாதி வழக்கை நடத்திக் கொடுக்கும்போது, பை எங்கிருந்து வந்தது, அனுப்பியது யார், பெறவிருந்தது யார் என்று மேலே தேட அதிகாரிக்கு நெருக்கடி இருப்பதில்லை. பிடிபடுவது பெரும்பாலும் கடைசிக் கண்ணியில் இருப்பவர். சில நூறு ரிங்கிட்டுக்குச் சுமந்தவர், அல்லது எதைச் சுமக்கிறோம் என்று அறியாதவர். 2019 பிப்ரவரியில் நம் நாட்டில் தூக்குத் தண்டனையை எதிர்நோக்கியிருந்த 1,281 பேரில் 73 விழுக்காட்டினர் போதைப்பொருள் கடத்தலுக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் என்று அனைத்துலக அம்னெஸ்டி அமைப்பு வெளியிட்ட கணக்கை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஜப்பானில் 45 ஆண்டுகளுக்கு மேல் மரண தண்டனைக் கைதியாக இருந்தவரை விடுதலை செய்ததாகப் படித்தேன். அவ்வளவு முன்னேறிய நாட்டில் போலீஸ் அப்படித் தவறு செய்யுமா?
– கல்லூரி மாணவர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: நீங்கள் படித்தது இவாவோ ஹகமாடா என்பவரைப் பற்றியது. 1966 ஜூன் மாதம், ஷிசுவோகா மாநிலத்தில் மிசோ என்னும் சோயா விழுது தயாரிக்கும் நிறுவனத்தின் அதிகாரி ஒருவரும் அவருடைய மனைவி, இரண்டு பிள்ளைகளும் கொலை செய்யப்பட்டார்கள். அங்கே வேலை செய்த முன்னாள் குத்துச்சண்டை வீரரான ஹகமாடாவைக் கைது செய்து, வழக்கறிஞர் உடன் இல்லாமல், ஏறக்குறைய 20 நாட்கள், நாளுக்குப் பல மணி நேரம் விசாரித்தார்கள். அதன் முடிவில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், நீதிமன்றத்தில் மறுத்தார்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, கொலை நடந்து ஓராண்டுக்கும் மேலான பிறகு, தொழிற்சாலையின் மிசோத் தொட்டியிலிருந்து இரத்தக் கறை படிந்த ஐந்து உடைகள் கிடைத்ததாகப் போலீஸ் கூறியது. அந்தக் காற்சட்டையை அவரால் அணியவே முடியவில்லை. அப்படியும் 1968-இல் தூக்குத் தண்டனை விதித்தார்கள். 1980-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மிசோவில் ஓராண்டுக்கு மேல் ஊறிய இரத்தக் கறை சிவப்பாக இருக்க முடியுமா என்ற எளிய கேள்விதான் கடைசியில் வழக்கை உடைத்தது. அரசுத் தரப்பு நெடுங்காலம் வெளியிடாமல் வைத்திருந்த நிழற்படங்களில் கறை சிவப்பாகத் தெரிந்தது; ஊறினால் அது கறுத்துவிடும் என்று வல்லுநர்கள் சோதனை செய்து காட்டினார்கள். 2014-இல் சிறையிலிருந்து வெளிவந்த அவரை, 2024 செப்டம்பர் 26-ஆம் தேதி ஷிசுவோகா மாவட்ட நீதிமன்றம் நிரபராதி என்று அறிவித்ததோடு, அந்த உடைகள் உள்ளிட்ட சாட்சியங்களைப் புலனாய்வாளர்களே புனைந்தார்கள் என்றும் கூறியது. அப்போது அவருக்கு வயது 88. தனிச் சிறையில் கழிந்த ஆண்டுகளில் அவருடைய மனநலம் சிதைந்துவிட்டதால், அந்த வெற்றியை முழுமையாக உணரும் நிலையில்கூட அவர் இல்லை. அவருக்காக ஆயுள் முழுவதும் போராடியவர் அவருடைய அக்காள் ஹிதேகோ.

அடிதடியால் மட்டுமே பொய் வாக்குமூலம் பிறக்கும் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். தூக்கமின்மை, தனிமை, "ஒப்புக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம்" என்ற ஒரு வார்த்தை ஆகியவையும் அதையே செய்யும். நம் நாட்டில் 2007-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, விசாரணையின்போது போலீஸிடம் சொன்ன வாக்குமூலத்தைப் பொதுவாக அரசுத் தரப்பு குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. அவர் தம் தற்காப்புக்காகப் பயன்படுத்திக்கொள்ளலாம். நல்ல மாற்றம் இது. ஆனால் போதைப்பொருள் வழக்குகளில் எச்சரிக்கை வாக்குமூலத்துக்குத் தனி விதி இருக்கிறது. சாட்சியச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின் கீழ், ஒரு பொருளைக் கண்டுபிடிக்க வழிகாட்டிய பேச்சையும் ஏற்கலாம். ஆகவே விசாரணை அறையில் நடப்பதைத் தொடக்கம் முதல் இறுதி வரை ஒலி, ஒளிப்பதிவு செய்வதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நேர்மையான அதிகாரிக்கும் அதுவே பாதுகாப்பு.

கேள்வி: பேரறிவாளன் வழக்கில் வாக்குமூலத்தையே மாற்றி எழுதியதாகச் சொல்கிறார்களே?
– வாசகர், பத்து கேவ்ஸ்

பதில்: நடந்ததை நடந்தவாறே சொல்ல வேண்டும். 1991-இல், முன்னாள் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியின் கொலை வழக்கில், தம் 19-ஆவது வயதில் கைதான பேரறிவாளன், இரண்டு ஒன்பது வோல்ட் மின்கலங்களை வாங்கிக் கொடுத்ததாகத் தடா என்னும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் போலீஸ் அதிகாரி பதிவு செய்த வாக்குமூலம் அவருக்கு எதிரான முக்கியச் சாட்சியமாக இருந்தது. அதைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், மின்கலங்கள் எதற்காக என்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தாம் எழுதவில்லை என்று 2013-இல் வெளிப்படையாகக் கூறினார். 2014-இல் தூக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 2022 மே 18-ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரை விடுவித்தது. குற்றமற்றவர் என்ற தீர்ப்பு அதில் இல்லை. ஆனாலும், ஓர் அதிகாரி எழுதாமல் விட்ட ஒரு வாக்கியம் ஒரு தாயை 31 ஆண்டு அலைய வைத்தது என்பதை அற்புதம்மாளைப் பார்த்த எவரும் மறக்கமாட்டார்கள்.

கேள்வி: கொலை செய்யப்பட்டவரின் குடும்பத்தை நீங்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. போலீஸைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் குற்றவாளிகள் தப்பிவிடுவார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு அது துரோகம் ஆகாதா?
– ஓய்வு பெற்ற அரசு ஊழியர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: உங்கள் கோபத்தை மதிக்கிறேன் ஐயா. பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்தின் முன் நின்று சட்ட நுணுக்கம் பேசுவது எளிதன்று. ஆனால் தவறான ஆளைத் தண்டித்தால் அந்தக் குடும்பத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதற்கு லண்டனில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

திமோதி எவன்ஸ் என்பவரின் மனைவியும் கைக்குழந்தையும் 1949-இல் கொலை செய்யப்பட்டனர். எவன்ஸ் போலீஸிடம் ஒன்றுக்கொன்று முரணான வாக்குமூலங்களைக் கொடுத்தார். பிறகு, அதே வீட்டில் கீழ்த்தளத்தில் குடியிருந்த கிறிஸ்டிதான் கொலைகாரர் என்று கடைசி வரை கூறினார். போலீஸ் அந்தக் கிறிஸ்டியையே அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சியாக நிறுத்தியது. வீட்டைச் சோதனையிட்டவர்கள், பின்புறத் தோட்டத்தில் கிடந்த மனித எலும்புகளைக் கவனிக்கவில்லை. 1950 மார்ச்சில் எவன்ஸைத் தூக்கிலிட்டார்கள். மூன்றாண்டு கழித்து அந்த வீட்டில் பெண்களின் பிணங்கள் வெளிப்பட்டன. எவன்ஸ் தூக்கிலிடப்பட்ட பிறகு தம் சொந்த மனைவி உட்பட நான்கு பெண்களைக் கிறிஸ்டி கொன்றிருந்தார். 1966-இல் எவன்ஸுக்கு மன்னிப்பு வழங்கினார்கள். அவர் மண்ணுக்குள் போய்ப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த நான்கு பெண்களும் போலீஸாரின் கவனக்குறைவால் உயிரிழந்தவர்கள். அவர்களுக்கும் குடும்பம் இருந்தது.

குற்றம் சாட்டப்பட்டவர் இன்னொருவரைக் கைகாட்டினால், அதைச் சாக்குப்போக்கு என்று ஒதுக்காமல் போய்ப் பார்ப்பது பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குச் செய்யும் கடமைதான். நம் நாட்டில் 1963-ஆம் ஆண்டின் மாட் வழக்கில் நீதிபதி சுஃபியான் வகுத்த நெறியையும் நினைவில் வையுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் விளக்கத்தை நீதிபதி நம்பாவிட்டாலும், அது நியாயமான ஐயத்தை உண்டாக்கினால் விடுவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது.

கேள்வி: விசாரணை அதிகாரி மீது புகார் கொடுக்க எங்கே போவது?
– வாசகி, கெப்போங்

பதில்: போலீஸ் படையின் நேர்மை, தர இணக்கத் துறையிடமும், 2023 ஜூலை முதல் இயங்கும் சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையத்திடமும், மனித உரிமை ஆணையமான சுஹாகாமிடமும் புகார் கொடுக்கலாம். 2005-இல் அரச விசாரணை ஆணையம் பரிந்துரைத்த அமைப்போடு ஒப்பிட்டால் இன்றைய ஆணையத்தின் அதிகாரம் குறைவு. அது பரிந்துரைக்கும், தண்டிக்காது. புகார் கொடுப்பதால் நீதிமன்ற வழக்கு நிற்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டையும் தனித்தனியாக நடத்த வேண்டும்.

கேள்வி: என் தம்பியின் கொலை வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் வரை தோற்றுவிட்டோம். 2023 சட்டத்தால் தூக்கு 30 ஆண்டாகக் குறைந்தது. இப்போது, அன்று போலீஸ் விசாரிக்காத ஒருவர் முன்வந்து, சம்பவத்தைப் பார்த்ததாகவும் அது என் தம்பி இல்லை என்றும் சொல்கிறார். இனி வழி உண்டா?
– அண்ணன், ஜார்ஜ் டவுன், பினாங்கு

பதில்: வழி இருக்கிறது, ஆனால் மிகக் குறுகலானது. மேல்முறையீட்டின்போது புதிய சாட்சியத்தை ஏற்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. உங்களுக்கு அந்தக் கட்டம் கடந்துவிட்டது. கூட்டரசு நீதிமன்ற விதிகளின் 137-ஆவது விதியின் கீழ், அநீதியைத் தடுக்கத் தன் சொந்தத் தீர்ப்பையே மறுஆய்வு செய்யும்படி அந்த நீதிமன்றத்தைக் கேட்கலாம். மிக அரிதாகவே அது ஏற்கப்படுகிறது. முடிந்த வழக்கை மறுபடி வாதிடும் வாயிலாக அதை ஆக்கக்கூடாது என்று நீதிபதிகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்தது, அரசியலமைப்பின் 42-ஆவது விதியின் கீழ் மன்னிப்பு மனு. குற்றம் பினாங்கில் நடந்திருந்தால் மாநில ஆளுநருக்கும், கோலாலம்பூரில் நடந்திருந்தால் மாமன்னருக்கும் அது போகும். மன்னிப்பு வாரியம் ஆலோசனை கூறும்போது தேசிய சட்டத்துறைத் தலைவரின் எழுத்து மூலமான கருத்தையும் கவனிக்கிறது. வழக்கைத் தொடுத்த அதே அலுவலகத்தின் தலைவர்தான் அவர் என்பது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருக்கிறது. கருணைக்காக மட்டும் மன்றாடும் மனுவாக எழுதாமல், புதிய சாட்சியின் சத்தியப் பிரமாணத்தை இணைத்து, போலீஸ் அவரை ஏன் அன்று விசாரிக்கவில்லை, அவர் சொல்வது பழைய சாட்சியங்களில் எதை முறியடிக்கிறது என்று பக்கம் காட்டி எழுதச் சொல்லுங்கள்.

பிரிட்டனில் அநியாயத் தீர்ப்புகள் பல வெளிப்பட்ட பிறகு, முடிந்த வழக்குகளைப் புதிதாக ஆராய்ந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பும் சுயேச்சை ஆணையம் ஒன்றை 1997-இல் தொடங்கினார்கள். போலீஸ் கோப்புகளைக் கேட்டு வாங்கும் அதிகாரம் அதற்கு இருக்கிறது. 1952-இல் கார்டிஃப் நகரில் தூக்கிலிடப்பட்ட சோமாலியக் கடலோடி மஹ்மூத் மாட்டானின் வழக்கை அந்த ஆணையம் அனுப்பி வைத்ததால்தான் 1998-இல் தீர்ப்பு ரத்தானது. மலேசியாவில் அப்படி ஓர் ஆணையம் இல்லை. தண்டனையை மறுபரிசீலனை செய்யத் தனிச் சட்டம் கொண்டுவர முடிந்த நாடாளுமன்றத்தால், தீர்ப்பை மறுபரிசீலனை செய்யவும் ஒன்றைக் கொண்டுவர முடியும். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் இதைத் தம்பியின் வழக்கோடு சேர்த்தே எழுதிக் கொடுங்கள்.

அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வழக்கு முடிந்தபின் சான்றுப் பொருட்களை அழிக்கவோ உரியவரிடம் ஒப்படைக்கவோ நீதிமன்றம் உத்தரவிடக்கூடும். தம்பியின் வழக்கில் உடை, ஆயுதம், இரத்த மாதிரி ஏதேனும் இன்னும் காப்பில் இருக்கிறதா என்று வழக்கறிஞர் இந்த வாரமே நீதிமன்றப் பதிவகத்திலும் போலீஸிலும் விசாரித்து, இருந்தால் அழிக்காமல் வைத்திருக்கும்படி மனு போடட்டும். முன்வந்த அந்தச் சாட்சியின் சத்தியப் பிரமாணத்தையும், அவர் மனம் மாறுவதற்குள், உங்கள் குடும்பத்தார் யாரும் உடன் இல்லாமல், சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் பதிவு செய்துவிடுங்கள்.